கொம்புத் தூண்

இரண்டு காடுகள் அருகருகே இருந்தன, குழந்தைகளே. மேற்குக் காட்டைச் சிங்க சுல்தான் ஆண்டார். கிழக்குக் காட்டைச் சிறுத்தை ஷா ஆண்டார். ஒரே பிறையைப் பார்த்து நோன்பு பிடிப்பவர்கள்தான். ஆனாலும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க மாட்டார்கள்.

நடுவில் ஒரு புல்வெளிப் பள்ளத்தாக்கு. அங்கே மலையாடுகள் மேய்ந்து வந்தன. அந்த இடம் ஷாவுக்குச் சொந்தம் என்று அவ்வப்போது யாராவது வந்து ஆடுகளிடம் சொல்லிவிட்டுப் போவார்கள்.

ஒரு வசந்தத்தில் சுல்தானின் ஓநாய்ப் படை கிளம்பியது. பொதி சுமக்க எருமைக் கூட்டம். செய்தி கேட்டதும் ஷாவின் மந்திரியான நரி ஓடிவந்து, ஆடுகளின் தலைவனான கிடாவைத் தனியே அழைத்தது.

"புல் இல்லாவிட்டால் எருமை நடக்காது. எருமை நடக்காவிட்டால் படை நகராது. வேர்வரை மேய்ந்துவிடுங்கள், சுனையை மண் தள்ளி மூடுங்கள். பிறகு எங்கள் காட்டுக்கு வந்துவிடலாம். உமக்கு 'எல்லைக் கான்' என்று ஷா பட்டம் கொடுத்திருக்கிறார்."

கிடாவுக்குத் தலைகால் புரியவில்லை. அண்மையில் குட்டி போட்டிருந்த தாயாடு ஒன்றுதான் தயங்கியது.

"கிழக்கே நம்மை உள்ளே விடாவிட்டால்?"

"கானின் மந்தையை யார் தடுப்பார்கள்?" என்றது கிடா.

ஆடுகள் வயிறு முட்ட மேய்ந்தன. சுனை மண்மேடானது. மந்தை கிழக்கே போனபோது வழியை முள்வேலி போட்டு அடைத்திருந்தார்கள். வேலிக்கு அப்பாலிருந்து நரி பேசியது.

"உங்களுக்குள் எதிரியின் ஒற்றன் இருக்கலாம். போர் முடியட்டும், கான் அவர்களே."

சுல்தானின் படை வந்தது. புல்லும் நீரும் இல்லாமல் எருமைகள் வழியிலேயே விழுந்தன. பசித்த ஓநாய்களுக்கு வேலியோரம் ஒடுங்கி நின்ற மந்தை கண்ணில் பட்டது. முதலில் செத்தது கிடா. தாயாடு பாறை இடுக்கில் புகுந்து தப்பியது. ஓடிய நெரிசலில் அதன் குட்டி பின்தங்கிவிட்டது.

அதற்குமேல் நகர வழியில்லாமல் படை திரும்பிப் போனது. ஷாவின் பக்கம் ஒரு சிறுத்தைக்கும் கீறல்கூட இல்லை. முரசு கொட்டினார்கள். பள்ளத்தாக்கில் கிடந்த கொம்புகளைப் பொறுக்கி வெற்றித் தூண் எழுப்பச் சொன்னார் ஷா.

தூண் எழுந்ததும் தாயாடு வந்து பக்கத்தில் நின்றது.

"உன் குட்டியும் இதில் இருக்கும். பெருமைப்படு" என்றது நரி.

"இருக்காது. அதற்கு இன்னும் கொம்பு முளைக்கவில்லை" என்றது தாயாடு.

நீதி: அரசர்களின் சண்டைக்காகத் தன் வாழ்வை அழித்துக்கொள்பவருக்கு வெற்றியில் பங்கு கிடைக்காது.