தவளைக்குன்றில் இறங்க வந்த வண்டி

தவளைக்குன்றின் உச்சியில் மரகதம்மாவின் மடம் இருந்தது. மடம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். நாலு ஓட்டு அறை, ஒரு சமையல்கட்டு, ஒரு சுனை, அவ்வளவுதான். அம்மாவுக்கு நாற்பது வயது. அவரிடம் சீடராக வந்து சேர்ந்த தணிகாசலத்துக்கு அறுபத்திரண்டு. அனல்மின் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இந்த வயசில் என்ன சீடர் வேஷம் என்று ஊரில் சிரித்தார்கள். சிரிக்கட்டும், நமக்கென்ன.

அங்கே வந்து சேருகிறவர்கள், யாரும் கேட்காமலே, எதையாவது ஒன்றை விட்டுவிட்டதாக அறிவிப்பது வழக்கம். ஒருவர் காபியை விட்டார். இன்னொருவர் கோபத்தை விட்டார், மறுநாளே திரும்ப எடுத்துக்கொண்டார். தணிகாசலமோ, "இனி இந்த மலையை விட்டு இறங்க மாட்டேன்" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். சொன்னபடி மூன்று வருஷமாக இறங்கவும் இல்லை.

இப்போது அதுதான் அவர் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. கீழே ஊரில் அவருடைய அக்கா வேதவல்லி இருந்தாள். தாயில்லாத பிள்ளையை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். அவளுக்கு முழங்கால் இரண்டும் போய்விட்டது. மலை ஏற வழியே இல்லை. அக்காவை ஒரு தடவை பார்க்காமலே எல்லாம் முடிந்துவிடுமோ என்று தணிகாசலத்துக்குப் பயம் வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துத்தான் ஒரு கம்பெனியிலிருந்து ஆட்கள் வந்தார்கள். மின்சாரத்தில் பறக்கும் டாக்சி! அடிவாரத்தில் ஏறி உட்கார்ந்தால் உச்சியில் இறக்கிவிடுமாம். இறங்குவதற்குச் சமதரை வேண்டும். சுனைக்குப் பக்கத்துப் பாறை தோதாக இருந்தது. மரகதம்மாவிடம் கேட்டார்கள்.

"தணிகாசலம் கரண்டு தெரிஞ்சவர். அவர் சரின்னா சரி" என்று சொல்லிவிட்டார் அம்மா.

தணிகாசலத்துக்குத் தலைகால் புரியவில்லை.

அன்றைக்கு இடத்தை அளக்க ஒரு ட்ரோனைப் பறக்கவிட்டார்கள். அது சுற்றிக்கொண்டிருக்கும்போது தணிகாசலம் அம்மாவைத் தேடிக்கொண்டு பாறைக்கு வந்தார். உச்சி வெயிலில் அம்மா குந்தியிருந்தார். கையில் குடை. ஆனால் அதைத் தன் தலைக்குப் பிடிக்காமல் தரைக்குப் பிடித்திருந்தார்.

"என்னம்மா இது?"

"வாங்க, இதைக் கொஞ்சம் பிடிங்க. கை கடுக்குது."

குடையை வாங்கிக்கொண்டு குனிந்து பார்த்தார். பாறைக் குழியில் சரளைக்கல்லோடு கல்லாக நாலு முட்டைகள். ஆட்காட்டிக் குருவி இட்டவை. தாய்ப்பறவை தூரத்தில் கத்திக்கொண்டு அலைந்தது.

"மேல சுத்துதே, அதைப் பருந்துன்னு நினைச்சு எழுந்து போயிடுச்சு. பாறை சுடுது. அப்படியே விட்டா முட்டை வெந்துரும்."

"இப்ப இறக்கிருவாங்கம்மா."

"அதுவரைக்கும் பிடிங்க."

பிடித்தார். பிடித்தபடியே வந்த காரியத்தைத் தொடங்கினார்.

"இந்த டாக்சி ரொம்பச் சுத்தம்மா. புகை கிடையாது. டீசல் ஒரு சொட்டு கிடையாது. எல்லாமே கரண்டு."

"கரண்டு எங்கேருந்து வருது?"

தணிகாசலம் இருமினார். ஆயுசில் பாதி நிலக்கரித் தூசியில் நின்றவர், அவருக்கா பதில் தெரியாது?

"வேணும்னா சோலார் வெச்சுக்கலாம்மா."

"வெச்சுக்கலாம். நல்லதுதான்."

அம்மாவிடம் இதுதான் தொல்லை. சண்டைக்கு வந்தால் மல்லுக்கட்டலாம். ஒத்துக்கொள்கிறவரை என்ன செய்வது?

"வண்டி என்ன கனம் இருக்கும்?"

"ரெண்டு டன்னுக்கு மேல. பேட்டரியே பெரிய கனம்மா."

"உங்க அக்கா?"

தணிகாசலத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. அக்கா பேச்சை அவர் இன்னும் எடுக்கவே இல்லையே!

"எலும்பும் தோலுமா இருக்காளாம். ஒரு அரிசி மூட்டை கனம்கூடத் தேறாது."

அம்மா வானத்தைப் பார்த்தார்.

"இந்தச் சின்னது கிளம்பும்போதே சருகெல்லாம் பறந்துச்சு. பெரிசு வந்து இறங்கினா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை தணிகாசலத்துக்கு. "காத்து அடிக்கிற அடியில இங்க ஒண்ணும் நிக்காதும்மா. முட்டையும் நிக்காது, குஞ்சும் நிக்காது" என்றார். பிறகு அவசரமாக, "ஆனா பறவைதானே, வேற பாறைக்குப் போயிடாதா?" என்றார்.

"போகும். அங்கேயும் யாராவது சமதரை தேடிக்கிட்டு வருவாங்க."

கம்பெனிக்காரர் ஒருவர் தூரத்திலிருந்து குரல் கொடுத்தார். "சார், இடம் பிரமாதமா இருக்கு! இறங்குற இடத்துல பெயின்ட்ல குறி போட்டுடலாமா?"

தணிகாசலம் முட்டைகளைப் பார்த்தார். வெயில் நகர்ந்து ஒரு முட்டையின் மேல் விழுந்திருந்தது. குடையை அந்தப் பக்கமாகச் சாய்த்தார். அவருடைய வழுக்கைத் தலை கொதித்தது.

"வேண்டாம் தம்பி" என்று கத்தினார். "முதல்ல அதைக் கீழ இறக்குங்க. இந்த இடம் சரிப்படாது. வேற எங்கேயும் இந்த மலையில இடம் இல்ல, எழுதிக்குங்க."

ட்ரோன் இறங்கியது. சத்தம் அடங்கியது. இருவரும் எழுந்து வந்து வேப்பமரத்தடியில் நின்றார்கள். ஆட்காட்டி தரையில் இறங்கியது. ஓடி, நின்று, மறுபடி ஓடி, கடைசியில் முட்டைகளின் மேல் போய் உட்கார்ந்தது.

தணிகாசலம் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். அடக்கி வைத்திருந்த அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"அது நல்லா இருக்கட்டும்மா. ஆனா என் அக்காவை இனிமே நான் பார்க்கவே முடியாதே!"

மரகதம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் அழுது ஓய்ந்ததும் கேட்டார்.

"அக்கா டாக்சி வேணும்னு கேட்டாங்களா?"

"அவளுக்கு அதெல்லாம் எங்கம்மா தெரியும்? போன்ல, 'உன் முகத்தை ஒரு தடவை பார்த்தாப் போதும்டா'ன்னு அழறா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"'இறங்க மாட்டேன்னு சொல்லியிருக்கேன்க்கா, டாக்சி வரட்டும், உன்னை மேல கூட்டிக்கிறேன்'னு சொன்னேன்."

"இறங்க மாட்டேன்னு யார்கிட்ட சொன்னீங்க?"

"உங்ககிட்டதான்மா. எல்லாருக்கும் முன்னால."

"நான் கேட்டேனா?"

தணிகாசலம் நிமிர்ந்து பார்த்தார். கன்னமெல்லாம் ஈரம், மூக்கு சிவந்திருந்தது. அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தார் மரகதம்மா.

"முகத்தை நல்லாத் துடைச்சுக்குங்க. கீழ கொண்டு போய்க் காட்டிட்டு வாங்க."