கரையை விட்டுக் கண்ணெடுக்காதவர்

"என் இடுப்பை மட்டும் சரி பண்ணிக் கொடுங்க டீச்சர். மிச்சத்தை நான் பாத்துக்குறேன்" என்றார் சந்தியாகு.

மீனவர். ஐம்பத்திரண்டு வயது. நீச்சல் சொல்லிக்கொடுக்கும் சுகிர்தாவுக்கு அதில் பாதிதான் இருக்கும். ஆனாலும் கைகட்டித்தான் நின்றார். வித்தை கேட்டு வந்த இடத்தில் வயசென்ன வயசு!

மகள் காய்ச்சலில் கிடந்தபோது மாதாவிடம் நேர்ந்துகொண்டார். பிழைத்தால் திருவிழாவன்று எதிர்த்தீவிலிருந்து கோயில் கரைவரை நீந்தி வருவதாக. மகள் பிழைத்தாள்.

போன வருஷம் பாதிக் கடலில் இடுப்பு பிடித்துக்கொண்டது. துணைக்கு வந்த படகில் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்தார்கள். வேண்டுதலை மாற்றிக்கொள்ளலாம் என்று பங்குச் சாமியாரே சொல்லிப் பார்த்தார். மனிதர் மசியவில்லை.

திருவிழாவுக்குப் பத்தொன்பது நாள் இருந்தது.

சுகிர்தா அவரை நெஞ்சளவு தண்ணீரில் நீந்தச் சொன்னாள்.

கை என்னமோ நன்றாகத்தான் போட்டார். தலை மட்டும் தண்ணீருக்கு மேலேயே நிமிர்ந்து நின்றது. கால் கீழே தொங்கியது. நடுவில் கிடந்து இடுப்பு வளைந்தது, பாவம்.

"தலையை ஏண்ணே தூக்குறீங்க?"

சந்தியாகுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடலில் விழுந்தவன் படகை விட்டுக் கண்ணை எடுத்தால் தொலைந்தான் என்று விளக்கினார். அவர்கள் ஊரில் எல்லோருக்கும் அதுதான் நீச்சல். இப்போது படகுக்குப் பதில் கரை, அவ்வளவுதான்.

அவள் கிட்டே வந்தாள். பிடரியில் கை வைத்து அவர் முகத்தைத் தண்ணீருக்குள் அமுக்கினாள்.

கால் தானாக மேலே வந்தது. இடுப்பு நேரானது. வலி சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது.

நாலு கை போட்டிருப்பார். பதறிப்போய்த் தலையைத் தூக்கினார். வலியும் திரும்பி வந்தது.

மூச்சுக்கு உடம்போடு பக்கவாட்டில் புரண்டால் போதும், வழிகாட்டும் படகு கண்ணில் படும் என்றாள். மறுபடி அமுக்கினாள். மறுபடி தூக்கினார்.

ஒன்பது நாள் இதே கூத்து. அவளும் விடவில்லை, அவரும் விடவில்லை.

பத்தாம் நாள் சந்தியாகுவுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. தண்ணீரில் ஓங்கி ஓர் அடி அடித்தார்.

"முகத்தைக் கவுத்தா கரை தெரியலையே டீச்சர். எதை நம்பி நீந்துறது?"

"கரை எங்கேயும் போகாதுண்ணே. நீங்கதான் போகணும்."

அவர் மூச்சை இழுத்துக்கொண்டு முகத்தைக் கவிழ்த்தார்.

திருவிழாவன்று அவர் தலை நிமிர்ந்தபோது, விரல்கள் கோயில் கரை மணலில் இடித்துக்கொண்டிருந்தன.