பிடித்த அழுக்கு

"தண்ணி பளிங்கு மாதிரி இருக்கு டீச்சர். அப்புறம் ஏன் என் மீனு சாகக் கிடக்குது?"

கடைக்கு வந்து கேட்டவர் தணிகாசலம், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். பதில் சொல்ல வேண்டியவள் நஸ்ரின். கொளத்தூரில் வண்ணக் கடல்மீன் விற்கிறவள். அவரைவிட முப்பது வயது சின்னவள். வீட்டில் உப்புத்தண்ணீர்த் தொட்டி வைத்த நாளிலிருந்து அவருக்கு அவள்தான் டீச்சர்.

"என்ன பண்ணுது சார்?"

"கோமாளி மீன் ரெண்டும் அடியிலேயே கிடக்குது. மூச்சு வாங்குது. மூணு நாளா தீனியைத் தொடலை. என் விரல்லேர்ந்து வாங்கித் தின்னதுங்கம்மா அதுங்க."

அவருக்கும் மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை.

"வடிகட்டிப் பஞ்சை எப்ப எடுத்துக் கழுவினீங்க?"

தணிகாசலத்தின் முகம் மலர்ந்தது. படிக்காமல் பரீட்சைக்குப் போன பையனுக்குத் தெரிந்த ஒரே கேள்வி வந்துவிட்டால் மலருமே, அப்படி.

"எடுக்கிறதா? ரெண்டு மாசமா அசைக்கவே இல்லை. இதைப் பாருங்க."

போனில் பஞ்சின் படத்தைக் காட்டினார். கன்னங்கரேலென்று இருந்தது.

"தின்னு மிஞ்சினது, கழிஞ்சது, ஒண்ணு விடாம பிடிச்சு வெச்சிருக்கு! வீட்டுக்கு வர்றவங்களுக்கெல்லாம் காட்டுறேன்."

"பஞ்சு எங்க இருக்கு?"

"தொட்டிக்குப் பின்னாடி, வடிகட்டிப் பெட்டியில."

"அதுக்குள்ள தண்ணி போகாதா?"

"போகாம? மொத்தத் தண்ணியும் அது வழியாத்தானே ஓடுது!"

தான் சொன்னது தன் காதிலேயே விழாத மனிதர்.

"பஞ்சுக்கு அழுக்கு பிடிச்சிருக்கு" என்றாள் நஸ்ரின். "உங்களுக்கும் ரொம்பப் பிடிச்சிருக்கு போல."

அவருக்குப் புரியவில்லை. கிண்டல் என்று மட்டும் தெரிந்தது.

அவள் எழுந்துபோய் டீ போட்டாள். வடிகட்டி வைத்துக் கண்ணாடி டம்ளரில் ஊற்றினாள். சக்கையோடு அந்த வடிகட்டியை டீக்குள்ளேயே அமுக்கி, அவர் முன்னால் வைத்தாள்.

எடுப்பாள் என்று தணிகாசலம் காத்திருந்தார். எடுக்கவில்லை. டீ கறுத்துக்கொண்டே வந்தது.

"சக்கையை எடுத்துடுங்க டீச்சர், கசந்துடும்."

"எதுக்கு சார்? அதான் வடிகட்டி பிடிச்சு வெச்சிருக்கே."

தணிகாசலம் டம்ளரைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடி டம்ளரைப் பார்த்தார்.

பிறகு செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஆட்டோ பிடிக்க ஓடினார்.

"கால்வாசித் தண்ணியையும் மாத்துங்க!" என்று பின்னாலிருந்து கத்தினாள்.

நான்காம் நாள் வந்தார். கையில் ஒரு பொட்டலம் மிக்சர்.

"இன்னைக்குக் காலையில ரெண்டும் மேல வந்துச்சு டீச்சர். விரலைக் கவ்விச்சு!"

சொல்லும்போதே கண் கலங்கியது. அதை மறைக்கவும் அவர் மெனக்கெடவில்லை. அவளுக்கும் மனசு நிறைந்துவிட்டது. பொட்டலத்தைப் பிரித்து அவருக்கும் நீட்டினாள்.

ஒரு கை மிக்சர் தின்று முடித்ததும் தலைமையாசிரியர் நிமிர்ந்து உட்கார்ந்தார். சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டையும் பேனாவையும் எடுத்தார்.

"எழுதிக்கிறேன், சொல்லுங்க. பஞ்சை எத்தனை நாளைக்கு ஒரு தடவை எடுக்கணும்?"

நஸ்ரின் வாயிலிருந்த கடலையை மென்று விழுங்கினாள்.

"உங்க மீனு எத்தனை நாளைக்கு ஒரு தடவை சார் ஆய் போகுது?"