கண்ணாடியைக் கழற்றிவிட்டு நட வேண்டிய மரம்

"நடுறதுக்கு முன்னாடி கண்ணாடியைக் கழட்டி வெச்சிடணும்."

பூந்தொட்டி அடுக்குக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது அந்தக் குரல். கோத்தகிரியில் போஜன் அண்ணன் வைத்திருக்கும் நாற்றுப்பண்ணையில் நான் தொட்டிகளுக்குப் பெயர்ச்சீட்டு எழுதுகிறேன். நிமிர்ந்து பார்க்காமலே ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. ஞானசிகாமணி சார். தேயிலை எஸ்டேட்டில் முப்பது வருடம் சூப்பர்வைசராக இருந்தவர். மழை பிடித்தால் எங்கள் கூரைக்கு அடியில்தான் ஒதுங்குவார். ஒதுங்கினால் மழை விட்ட பிறகும் அரைமணி நேரம் பேசுவார்.

எதிர் பெஞ்சில் ரெஜினா அக்கா உட்கார்ந்திருந்தார். அவருடைய மகள் குவைத்துக்கு நர்ஸ் வேலைக்குக் கிளம்பிய அன்று வீட்டு வாசலில் நட்ட ஸ்ப்ரூஸ் என்ற கிறிஸ்துமஸ் மரக் கன்று இப்போது அவர் தோளுயரம். நாலு வருடம் கழித்து மகள் இந்தக் கிறிஸ்துமஸுக்கு வருகிறாள். இந்த நேரம் பார்த்து மரத்தின் உள்பக்கத்து ஊசியிலைகள் பழுத்து உதிர்கின்றன. மரம் போய்விடுமோ என்று கேட்கத்தான் அக்கா வந்திருந்தார்.

போஜன் அண்ணன் வாயைத் திறப்பதற்குள், காலையில் கவாத்துக் கத்தியோடு தானே வந்து பார்த்துக்கொள்வதாக சார் சொல்லிவிட்டார். தேயிலைச் செடியை இடுப்பளவுக்கு வெட்டிவிடுவதுதான் கவாத்து. வெட்டிய கட்டையிலிருந்து புதர் முன்னைவிட அடர்ந்து கிளம்பும். அக்காவும் தலையாட்டிவிட்டார்.

"ஸ்ப்ரூஸ் வளர்த்த கை தங்கச்சி இது," என்று சார் இரண்டு கையையும் நீட்டிக் காட்டினார்.

அவர் தன் வீட்டில் கன்றைக் குழியில் வைத்து மண்ணை மிதித்துவிட்டு நிமிர்வதற்குள் நுனி வந்து மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு போய்விட்டதாம். சாயங்காலம் பார்த்தால் கண்ணாடி கூரை ஓட்டுக்கும் மேலே. அது கீழே இருக்கிற ஊரையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்ததாம்.

எவ்வளவு ஆழம் வைத்தீர்கள் என்று போஜன் அண்ணன் கேட்டார். தொட்டியில் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டம், ஒரு விரல்கூட அதிகம் இல்லை என்றார் சார். அது சரிதான் என்று அண்ணன் ஒப்புக்கொண்டார். அங்கேதான் தப்பாகிவிட்டது. சாருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது.

தண்ணீர் அவர் ஊற்றியதே இல்லை. காலையில் மூடுபனி வந்து கிளைகளில் சிக்கிக்கொள்ளும். அதை உருவி எடுத்துத் துணி பிழிவதுபோலப் பிழிந்தால் வேருக்கு நாலு குடம், வீட்டுக்கு ரெண்டு குடம். அந்தத் தண்ணீரில் பருப்பு இரண்டே கொதியில் வெந்துவிடும்.

உங்கள் வீட்டு வாசலில் தண்ணீர் லாரி நின்றதை நானே பார்த்திருக்கிறேனே என்றார் ரெஜினா அக்கா.

"அது தண்ணி கொண்டாந்த லாரி இல்லம்மா. எடுத்துட்டுப் போக வந்த லாரி."

அப்புறம் நிழல். மூணு மணி ஆனால் அது மலையிறங்கி மேட்டுப்பாளையத்தில் விழும். பஸ் ஸ்டாண்டில் ஆட்கள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நிற்பார்கள். தன் அக்கா மேட்டுப்பாளையத்தில்தான் இருக்கிறாள், வருடம் பூராவும் வியர்க்கிறது என்கிறாள் என்று ரெஜினா அக்கா சொன்னார். அவர்கள் வீடு எந்தத் தெரு என்று சார் விசாரித்தார். சொன்னதும் வருத்தத்தோடு தலையாட்டினார். நிழல் அதற்கு முந்தின தெருவோடு நின்றுவிடுமாம்.

கிறிஸ்துமஸுக்கு உச்சியில் நட்சத்திரம் கட்ட வேண்டும் அல்லவா. டிசம்பர் ஒன்றாம் தேதி காலையில் ஏற ஆரம்பித்தார். கிளைக்குக் கிளை படுத்து எழுந்து போனார். சம்சாரம் தூக்குச்சட்டியில் கயிறு கட்டிச் சோறு அனுப்பினார். பதினைந்தாம் தேதிக்கு மேல் சோறு வந்து சேரும்போது ஊசிப்போயிருந்தது. இருபத்துநாலாம் தேதி ராத்திரி உச்சியை எட்டினார்.

"கட்டுனீங்களா?" என்றார் போஜன் அண்ணன்.

"எங்கே கட்டுறது? அங்கே ஏற்கெனவே ஒண்ணு எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. பேப்பர் நட்சத்திரத்தைச் சுருட்டிக் கக்கத்துல வெச்சுக்கிட்டு இறங்கிட்டேன்."

ரெஜினா அக்கா சிரித்தேவிட்டார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "இப்ப மரம் எவ்வளவு உயரம்ணா?" என்று கேட்டார்.

விமானம் போக வழியில்லை என்று மேலிடத்திலிருந்து ஆட்கள் வந்து கெஞ்சினார்களாம். சரி, பாவம் என்று கவாத்து பண்ணினாராம். சொல்லிக்கொண்டே சார் கையை இடுப்பில் வைத்துக் காட்டினார்.

"எப்ப?" என்றார் போஜன் அண்ணன்.

"ஆச்சு ஏழு வருஷம்."

"துளிர் விட்டுச்சா சார்?" என்று நான் கேட்டேன்.

சார் வெளியே மழையைப் பார்த்தார். "பெரிய மரம் தம்பி. யோசிச்சுத்தான் விடும்."

போஜன் அண்ணன் அவரைப் பார்க்கவில்லை; ரெஜினா அக்காவிடம்தான் சொன்னார். தேயிலை மொட்டைக் கட்டையிலும் துளிர்க்கும். ஸ்ப்ரூஸ் அப்படியில்லை. பச்சை இல்லாத கட்டையில் அதற்குத் துளிர் வராது. நுனியெல்லாம் பச்சையாக இருந்து உள்ளே மட்டும் உதிர்ந்தால் அது பழைய இலை போகிற போக்கு, நோய் இல்லை. உதிர்ந்ததைக் கூட்டாமல் அடியிலேயே விட்டுவிட்டு, வேரில் தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

மழை விட்டிருந்தது. அக்கா குடையை மடக்கிக்கொண்டு எழுந்தார்.

"காலையில வாங்கண்ணா, ஆப்பம் சுடுறேன். கத்தி மட்டும் வேண்டாம்."

அவர் போன பிறகு சார் பின்கட்டில் ஸ்ப்ரூஸ் நாற்றுகள் இருக்கிற வரிசைக்குப் போய் வெகுநேரம் நின்றார். சாண் உயரத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, குனிந்து தொட்டியைத் தூக்கினார்.