காதோரம் பேசிய கடுவன்

ஏரிக்கரைக் காட்டில் விலங்குகள் சேர்ந்து ஒரு தானியக் கிடங்கு வைத்திருந்தன. அதற்கு மேலாளர் வீரபாகு என்ற கடுவன் குரங்கு. பெயரில்தான் வீரம்! அதையும் வேலைக்கு வரும் பெண்களிடம்தான் காட்டுவார்.

மர உச்சியில் உட்கார்ந்து, சிறுத்தை வந்தால் கத்திச் சொல்வது அல்லி மைனாவின் வேலை. அவளுக்கு மூன்று குஞ்சுகள். கோடையில் கிடங்குத் தானியம்தான் அவற்றுக்குச் சோறு. இது வீரபாகுவுக்குத் தெரியும். தெரிந்துதான் ஆடினார். தினமும் உச்சிக்கு ஏறி வந்து, ஒட்டி உட்கார்ந்து, வாலால் அவள் முதுகை வருடுவார். யாருக்கும் கேட்கக் கூடாதென்று காதோரம் கிசுகிசுப்பார். யார் காதில்? மைனா காதில்! அறிவுக் கொழுந்து!

"தள்ளி உட்காருங்க சார்!" என்றாள் அல்லி ஒருநாள். மறுநாளே வேலை போயிற்று. குரல் கெட்டுவிட்டதாம்!

அல்லி நேராகக் கிடங்கின் விசாரணைக் குழுவிடம் போய், அவர் தொட்டதையும் மிரட்டியதையும் சொன்னாள். காடே கூடியிருந்தது. தலைவர் யானை கண்ணை மூடிக்கொண்டிருந்தது. யோசிக்கிறதாம்! காலடியில் புதுக் கரும்புச் சக்கை கிடந்தது.

"சாட்சி இருக்காம்மா?" என்றது பக்கத்திலிருந்த குழு உறுப்பினர் ஆமை.

"காதுக்குள்ள சொன்னதுக்கு ஏதுங்க சாட்சி?"

"வீரபாகு தங்கமானவராச்சே! விளையாட்டுக்குச் சொல்லியிருப்பாரு. நீதான் அனுசரிச்சுப் போகணும்!" ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது.

வீரபாகு வாழைப்பழத்தை மென்றபடி பல்லைக் காட்டினார்.

அல்லிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அலகைத் திறந்தாள். வந்தது வீரபாகுவின் குரல்! அதே கரகரப்பு, அதே இளிப்பு! கேட்ட குரலை அப்படியே திருப்பிச் சொல்லும் மைனாவாயிற்றே!

"அல்லிக்குட்டி, கிட்ட வாயேன்! வரலேன்னா உன் குஞ்சுங்க பட்டினிதான். எங்க வேணா போய்ச் சொல்லு. அந்தத் தொந்தி யானைக்கு நாலு கரும்பு போட்டா தூங்கிடும்!"

எல்லோரும் வீரபாகுவின் வாயைப் பார்த்தார்கள். அது மெல்லுவதை நிறுத்தியிருந்தது. யானை சட்டென்று கண் விழித்தது.

"யாருக்குடா தொந்தி?"

தும்பிக்கையால் ஒரே வீச்சு! வீரபாகு ஏரிக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தார்.

"உன் குரல் நல்லாத்தான் இருக்கு. நாளைக்கே வேலைக்கு வாம்மா!" என்றது யானை, பெருந்தன்மையாக.

"வரேன். என் குஞ்சுங்க சாப்பிடணுமே! ஆனா ஒண்ணு கேக்கறேன். என்னைத் தொட்டான்னு சொன்னப்ப வராத கோபம், உங்க தொந்தியைச் சொன்னதும் எப்படிங்க வந்துச்சு?"

யானை காலடியில் கிடந்த கரும்புச் சக்கையைப் பின்னங்காலால் தள்ளி மறைத்தது.

வேலையைக் காட்டி மிரட்டிப் பெண்ணைத் தொடுகிறவன் அயோக்கியன். அவள் புகாரைக் கேட்டும், தன் மேல் படும்வரை தூங்குகிறவன் அவனுக்குக் கூட்டாளி.