மயிலடுப்பும் மகாராஜா வைத்த ரசமும்

செங்காட்டூர் மகாராஜா மகுடபூபதி நல்லவர், தாராளமானவர். ஒரே ஒரு குறை. வெளியூர் அரண்மனைக்கு விருந்துக்குப் போய்வந்தால் போதும், தம் மடைப்பள்ளியை இடித்துக் கட்டச் சொல்லிவிடுவார்.

ஒரு தடவை தாமரைத் தூண் வைத்தார். கண்ணுக்குப் பழகுவதற்குள் அதை இடித்துவிட்டு நீலக்கல் தளம் போட்டார். பிறகு அதையும் பெயர்த்துவிட்டுச் சுவர் முழுக்க யாளிகளை நிறுத்தினார். இடிக்கிற போதெல்லாம் சமையல் யானைக் கொட்டிலுக்குப் போகும். குழம்பில் வைக்கோல் மிதக்கும். தலைமைச் சமையல்காரி தில்லையம்மாள், "இன்னொரு தடவை கடப்பாரைச் சத்தம் கேட்டால் நான் மகள் வீட்டுக்குப் போய்விடுவேன்" என்று அரண்மனைக்கே கேட்கும்படி சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்தச் சமயம் பார்த்து மகாராஜா பக்கத்து நாட்டுக் கல்யாணத்துக்குப் போய்த் திரும்பினார்.

"அங்கே மயிலடுப்பு வைத்திருக்கிறார்கள்!" என்று சபையில் பூரித்துப்போனார். "தோகை முழுக்க வண்ணக் கண்ணாடி. அலகு வழியாகப் புகை வருகிறது! நம் மடைப்பள்ளியும் மாற வேண்டும். ஆனால் இதுதான் கடைசி. இனி எத்தனை காலம் ஆனாலும் அதைப் பார்த்து 'பழைய மோஸ்தர்' என்று ஒருவரும் சொல்லக் கூடாது. யார் பொறுப்பு?"

இதுவரை எல்லாவற்றையும் கட்டியவர் கட்டட அதிகாரி கனகசபை. இது நடக்காத காரியம் என்று அவருக்குத் தெரியும். எதிரே அம்பலவாணன் உட்கார்ந்திருந்தான். ராஜாவுக்கு வேடிக்கையும் யோசனையும் சேர்த்துச் சொல்கிற ஆள். அவன் கேலிக்குப் பல நாள் ஆளானவர் கனகசபை.

"மகாராஜா, இதற்குக் கல்லும் சுண்ணாம்பும் போதாது, புத்தி வேண்டும். அம்பலவாணனிடமே விடலாமே?" என்றார் குழைவாக.

"சரிதான்! அம்பலவாணா, நீயே கட்டு. யாராவது ஒருவர் பழைய மோஸ்தர் என்று சொல்லிவிட்டாலும் இந்தச் சபையில் உனக்கு இடம் கிடையாது."

"சம்மதம், அரசே. வாசலுக்கு மேலே உங்கள் ஆணையாக ஒரு வரி செதுக்க அனுமதி கொடுங்கள்."

"ஒரு வரிதானே? செதுக்கிக்கொள்."

வேலை முடிந்தது. மகாராஜா ஆசையாகப் பார்க்க வந்தார். உள்ளே யாளியும் இல்லை, மயிலும் இல்லை. வெள்ளைச் சுவர். இடுப்பு உயரத்தில் கருங்கல் மேடை. புகை மேலே போக வழி. கிழக்கே பெரிய சன்னல். அவ்வளவுதான்.

"என்னப்பா இது? மோஸ்தரே இல்லையே!"

"இல்லாத மோஸ்தர் எப்படி அரசே பழசாகும்?"

மகாராஜாவுக்குச் சிரிப்பு வந்தது. ஏமாற்றமும் இருந்தது. பின்னால் வந்த கனகசபைக்குக் கொண்டாட்டம். ஏதோ சொல்ல வாயைத் திறந்தவர், தற்செயலாக மேலே பார்த்தார். வாசல் நிலைக்கு மேல் இப்படி இருந்தது:

'இதைப் பழைய மோஸ்தர் என்பவர் அன்றைக்கு இங்கே சமைத்து, சபைக்குப் பரிமாற வேண்டும். இது அரசர் ஆணை.'

கனகசபையின் வாய் திறந்தபடியே நின்றது. "புதுசு... ரொம்பப் புதுசு" என்று முடித்தார்.

அப்புறம் மந்திரி வந்தார், சேனாபதி வந்தார், ஊர்ப் பெரியமனிதர்கள் எல்லோரும் வந்தார்கள். நிமிர்ந்து பார்த்தார்கள். அத்தனை பேருக்கும் மடைப்பள்ளி புத்தம் புதிதாகவே தெரிந்தது.

வருஷம் ஓடியது. பக்கத்து நாட்டுத் தூதர் வந்தார். "எங்கள் ராஜா மயிலை இடித்துவிட்டார். இப்போது அன்னப்பட்சிதான் மோஸ்தர்" என்றார்.

மகாராஜா பெருமூச்சு விட்டார். "ஹூம்! அவர்கள் எங்கேயோ போய்விட்டார்கள். நம்முடையதுதான் பழைய மோ..."

நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனால் சபை கேட்டுவிட்டது.

கனகசபை துள்ளி எழுந்தார். "மகாராஜாவே சொல்லிவிட்டார்! அம்பலவாணன் தோற்றான்!"

"தோற்றதாகவே இருக்கட்டும்" என்றான் அம்பலவாணன். முகம் கொஞ்சம் வெளுத்துத்தான் போயிருந்தது. "நான் சபையை விட்டுப் போக வேண்டும். அரசர் சமைக்க வேண்டும். இரண்டும் அரசர் வாக்கு. போகிறவனைச் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்வதுதானே நம் வழக்கம்?"

சொன்ன சொல்லை மீறுகிற ராஜா இல்லை மகுடபூபதி. கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டு மடைப்பள்ளிக்குள் போனார். புளி கரைத்தார். மிளகு தட்டினார். தில்லையம்மாள் ஒதுங்கி நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். உப்பை மட்டும் போட்டோமா இல்லையா என்று ராஜாவுக்குச் சந்தேகம் வந்துகொண்டே இருந்தது. வந்த போதெல்லாம் போட்டார்.

வேர்க்க விறுவிறுக்க ரசத்தோடு வெளியே வந்தார். எல்லோருக்கும் தம் கையாலேயே ஊற்றினார். ஒரு வாய் குடித்ததும் சேனாபதியின் கண்ணில் நீர் கட்டியது. போர்க்களத்தில்கூட அழாத மனிதர்.

"எப்படி இருக்கிறது?" என்றார் மகாராஜா.

கனகசபை முந்திக்கொண்டார். "அமிர்தம், மகாராஜா! இப்படி ஒரு ரசத்தை என் ஆயுசில் குடித்ததில்லை!"

அம்பலவாணன் எழுந்து கைகூப்பினான். "அரசே, கனகசபைக்கு இன்னும் இரண்டு அகப்பை ஊற்றுங்கள். பாவம், ஆசைப்படுகிறார்."

மகாராஜா ஊற்றினார். கனகசபை குடித்தார். குடித்த முகத்தைப் பார்த்த பிறகுதான் மகாராஜாவுக்குச் சந்தேகம் வந்து, தாமும் ஒரு வாய் குடித்துப் பார்த்தார். அவ்வளவுதான். அகப்பையைக் கீழே போட்டுவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"அம்பலவாணா, அங்கே நின்றபோது குனியவில்லை, கண் எரியவில்லை. சுவர் எந்த மோஸ்தர் என்று நினைக்கவே தோன்றவில்லை. உப்பைப் பற்றிய கவலைதான்! நான் சொன்னது தப்பு. மடைப்பள்ளி இப்படியே இருக்கட்டும். நீயும் இங்கேயே இரு. என்ன பரிசு வேண்டும், கேள்."

"கேட்டால் தருவீர்களா, அரசே?"

"நாட்டில் பாதி கேட்டாலும் தருகிறேன்."

"அதெல்லாம் வேண்டாம். தில்லையம்மாளிடம் சொல்லி எனக்குக் கொஞ்சம் சாப்பாடு போடச் சொல்லுங்கள். பசி உயிர் போகிறது."