தன் நடுகல்லுக்குப் பின்னால் குடியிருந்த வீரன்

அரசர்கள் நிலத்துக்காகச் சண்டை போடக் கற்றுக்கொள்வதற்கு முன்னால், மாடுகளுக்காகச் சண்டை போட்ட காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்துக் கதை இது. பெரியவர்கள் முன்னால் வந்து உட்காருங்கள், காது மந்தமாக இருக்கும். சிறியவர்கள் எங்கே உட்கார்ந்தாலும் கேட்கும்.

சேந்தன் என்றொரு உப்பு வணிகன் கடற்கரையிலிருந்து உள்நாட்டுக்கு வண்டி ஓட்டிக்கொண்டு வந்தான். கள்ளிமேடு என்ற ஊர் கண்ணுக்குத் தெரிந்தபோது வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது. ஊர் வேலிக்கு வெளியே ஒரு வேப்பமரம் நின்றது. மரத்தடியில் ஒரு நடுகல் இருந்தது. போரில் இறந்த வீரனுக்காக நட்ட கல் அது.

கல்லில் ஒரு வீரன் வாளை ஓங்கி நின்றான். அவன் காலடியில் மூன்று பகைவர்கள் விழுந்து கிடந்தார்கள். கல்லின் தலையில் மயிற்பீலி சூட்டியிருந்தது.

நடுகல்லை வணங்காமல் வழிப்போக்கர்கள் கடந்து போகக் கூடாது. சேந்தன் முறை தெரிந்தவன். தன் கலயத்திலிருந்து கொஞ்சம் கள்ளை எடுத்துக் கல்லின் காலடியில் ஊற்றினான்.

"வீணாக்காதே அப்பா, இப்படிக் கொடு" என்றது ஒரு குரல்.

கல்லுக்குப் பின்னால் ஓர் ஓலைக் குடிசை இருந்தது. அதன் வாசலில் ஒரு கிழவர் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். வலது முழங்கால் பனங்காய் போல வீங்கியிருந்தது.

"பெரியவரே, இது சாமிக்கு ஊற்றுவது. நீங்கள் கேட்கலாமா?" என்றான் சேந்தன்.

"கேட்கலாம். அது நான்தான்."

சேந்தன் கல்லைப் பார்த்தான். கிழவரைப் பார்த்தான். மறுபடியும் கல்லைப் பார்த்தான். மூக்கு ஒத்திருந்தது. கலயத்தைக் கொடுத்துவிட்டான்.

கிழவரின் பெயர் விடங்கன். இளமையில் படைவீரனாக இருந்தவர்.

"மூன்று பேரை வெட்டினீர்களோ?" என்று சேந்தன் மரியாதையாகக் கேட்டான்.

"அந்த மூன்று பேரையும் நான் இந்தக் கல்லில்தான் முதன்முதலாகப் பார்த்தேன். பகைவர் ஓட்டிப்போன எங்கள் மாடுகளை மீட்கப் போனோம். நான் கயிற்றை அவிழ்த்துவிட்டேன். அவ்வளவுதான் நான் செய்தது. மாடுகள் தாமாகவே வீடு வந்து சேர்ந்தன. என் முழங்காலில் அடி விழுந்தது. ஓட முடியவில்லை. பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்."

பகைவர் நாட்டில் அவர் பல ஆண்டுகள் மதிலுக்குக் கல் சுமந்தார். மதில் முடிந்ததும், "இனி நீ எதற்கு?" என்று அனுப்பிவிட்டார்கள். நொண்டிக்கொண்டே ஊருக்கு வந்தார். அதற்குள் ஊரார் கல் நட்டிருந்தார்கள்.

கள்ளிமேட்டில் ஒரு வழக்கம் உண்டு. கல் நடப்பட்டவன் ஊர் வேலிக்குள் வரக் கூடாது. செத்தவன் உள்ளே வந்தால் மழை பொய்த்துவிடும். அந்த வழக்கத்தை ஏற்படுத்தியவர்கள், அப்படி ஒருவன் நடந்தே வந்து வாசலில் நிற்பான் என்று எண்ணியிருக்க மாட்டார்கள். ஆனால் வழக்கம் வழக்கம்தான்.

முதல் முறை விடங்கன் ஊர் வாசலில் நின்று, "நான் சாகவில்லை" என்றார். "கல் நட்டாயிற்று" என்றார்கள்.

இரண்டாம் முறை, "தொட்டுப் பாருங்கள்" என்றார். தொட்டுப் பார்த்தார்கள். உடம்பு சூடாகத்தான் இருந்தது. "வெயிலில் வந்திருக்கிறார் அல்லவா" என்று ஒருவர் விளக்கம் சொன்னார். "கல் நட்டாயிற்று" என்றார்கள்.

மூன்றாம் முறை, "அப்படியானால் கல்லைப் பிடுங்கிவிடுங்கள்" என்றார். ஊரே கன்னத்தில் போட்டுக்கொண்டது. "உங்களைப் போய்ப் பிடுங்குவோமா? உங்களிடம் வேண்டிக்கொண்ட பிறகுதானே தலைவர் வீட்டுப் பசு சினையானது? கல் நட்டாயிற்று" என்றார்கள்.

அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. கல்லுக்குப் பின்னால் குடிசை போட்டுக்கொண்டார்.

அவருடைய மனைவி வெண்ணி ஊருக்குள் இருந்தாள். செத்தவனோடு அவள் பேசக் கூடாது. ஆனால் சாமியிடம் வேண்டிக்கொள்ளத் தடை இல்லை. ஆகவே ஒவ்வோர் அமாவாசைக்கும் படையலோடு வந்து, கல்லின் முன்னால் கைகூப்பி நின்று, உரக்க வேண்டிக்கொள்வாள்.

"சாமி, கூரை ஒழுகுகிறது. போர், போர் என்று ஓடத் தெரிந்ததே, ஓலையை மாற்றிவிட்டு ஓடத் தெரிந்ததா? சாமி, பாகற்காய் வைத்திருக்கிறேன். முகத்தைச் சுளிக்காமல் தின்னு."

கல் பேசாது. கல்லுக்குப் பின்னாலிருந்து, "மேற்குப் பக்கம் மட்டும் மாற்றினால் போதும்" என்று ஒரு குரல் வரும். ஊரார் அதை அருள்வாக்கு என்று எடுத்துக்கொண்டு, தங்கள் வீடுகளிலும் மேற்குப் பக்க ஓலையை மாற்றினார்கள்.

இந்த அமாவாசைக்கு வெண்ணி வரவில்லை.

"கடுமையான காய்ச்சலாம்" என்றார் விடங்கன். "எழுந்திருக்க முடியவில்லையாம். வேலிக்கு அப்பால் பேசிக்கொண்டு போனார்கள். எப்படி இருக்கிறாள் என்று நான் கத்திக் கேட்டேன். கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அவளை உயிரோடு பார்க்க வேண்டும் அப்பா. அவள் போன பிறகு என்னை உள்ளே விட்டால்தான் என்ன, விடாவிட்டால்தான் என்ன?"

சேந்தன் எழுந்தான். வண்டியை அங்கேயே விட்டுவிட்டு ஊருக்குள் போனான். ஊர்த் தலைவர் பொதியனைக் கண்டு வணங்கினான்.

"உங்கள் ஊர்ச் சாமி மிகவும் சக்தி உள்ளது என்கிறார்களே?"

"பின்னே? மூன்று பேரை வெட்டின சாமி!"

"எங்கள் கடற்கரைப் பக்கம் கோயிலுக்குக் கோயில் சாமிக்கு இரண்டு வடிவம் உண்டு, ஐயா. இடம்விட்டு அசையாதது மூலவர். வீதியில் ஊர்வலம் வருவது உற்சவர். உங்கள் சாமிக்கு உற்சவர் எங்கே?"

பொதியன் முகம் வாடியது. "கல் ஒன்றுதான் நட்டோம்" என்றார்.

"பக்கத்து ஊரில்?"

"ஈச்சங்காட்டிலா? போய்யா! அவன்கள் நட்ட கல்லே சாய்ந்துதான் நிற்கிறது. அவன்களுக்கு உற்சவர் ஒன்றுதான் குறைச்சல்."

"அவர்கள் முந்திக்கொண்டால்?"

பொதியன் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்துவிட்டார். "உற்சவருக்கு நான் எங்கே போவேன்?"

"கல்லுக்குப் பின்னால் ஒன்று இருக்கிறது. நன்றாகப் பார்த்தேன். மூக்கு ஒத்திருக்கிறது."

பொதியன் வேலிப் பக்கம் எட்டிப் பார்த்தார். "செத்தவன் உள்ளே வந்தால் மழை பொய்த்துவிடுமே?"

"சாமி உள்ளே வந்தால்?"

"சாமி வந்தால் மழை கொட்டும்."

"பிறகென்ன ஐயா?"

ஊர் கூடியது. ஒருவரும் மறுக்கவில்லை. சிற்பிக்குச் சொல்லி அனுப்பிக் காத்திருக்க வேண்டாம் என்பதில் எல்லோருக்கும் மகிழ்ச்சி.

மறுத்தவர் ஒருவர்தான். அவர் விடங்கன்.

"நான் சாமி இல்லை. முழங்கால் வலிக்கிற ஆள். அப்படிச் சொல்லி உள்ளே விடச் சொல்."

"அப்படிச் சொன்னால் விட மாட்டார்கள், பெரியவரே."

"மூன்று பேரை வெட்டினேன் என்று என் வாயால் சொல்ல மாட்டேன்."

"உற்சவர் வாய் திறக்க வேண்டியதே இல்லை."

விடங்கன் ஊர்ப் பக்கம் பார்த்தார். "அப்படியானால் ஏற்றிவிடு" என்றார்.

உப்பு மூட்டைகளை இறக்கி வைத்துவிட்டு, வண்டியில் அவரை உட்கார வைத்தார்கள். வேப்பிலை மாலை போட்டார்கள். பறை முழங்கியது. வண்டி பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் முழங்கால் வலித்து உற்சவர் முனகினார். அவர் முனகும்போதெல்லாம் பெண்கள் குலவையிட்டார்கள்.

முதலில் பொதியன் வீட்டு வாசலில் நிறுத்தினார்கள். விளக்குக் காட்டி வணங்கினார்கள். அடுத்து பொதியனின் தம்பி வீட்டு வாசலில் நிறுத்தினார்கள். அங்கேயும் விளக்குக் காட்டினார்கள். மூன்றாவதாகப் பொதியனின் மைத்துனன் வீட்டு வாசலில் நிறுத்தினார்கள். அந்த வீட்டில் விளக்குக்கு எண்ணெய் இல்லை. வாங்கி வர ஆள் போயிற்று.

"வெண்ணி வீட்டுக்கு விடுங்களடா!" என்று உற்சவர் கத்தினார்.

அருள்வாக்கு என்று ஊரே கைகூப்பியது. வண்டி நேராக அங்கே போனது.

வெண்ணி கதவைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். கண்கள் குழி விழுந்திருந்தன. ஊரார் தரையில் விழுந்து கும்பிட்டார்கள். அவள் கும்பிடவில்லை. வேப்பிலை மாலையைப் பார்த்தாள். முழங்காலைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள்.

"இறங்குங்கள்" என்றாள்.

சேந்தனின் தோளைப் பிடித்துக்கொண்டு விடங்கன் இறங்கினார்.

"சாப்பிட்டீர்களா?"

"இல்லை."

வெண்ணி ஊராரைப் பார்த்துத் திரும்பினாள். நிற்க முடியாமல் உடம்பு ஆடியது. குரல் ஆடவில்லை.

"இத்தனை வருடமாகப் பூப் போட்டீர்களே. இதை ஒருவராவது கேட்டீர்களா?"

பொதியன் தொண்டையைச் செருமினார்.

"பொழுது சாய்வதற்குள் உற்சவர் தம் இடத்துக்குத் திரும்ப வேண்டும் அம்மா. அது முறை" என்றார். அந்த முறை அன்று பிற்பகலில்தான் பிறந்திருந்தது.

"வீட்டுக்கு வந்த சாமியைப் படைக்காமல் அனுப்புவது முறையா, தலைவரே?"

"சே சே! அது பெரிய குற்றம்."

"அப்படியானால் நில்லுங்கள். கஞ்சி வைக்க வேண்டும்."

இருவரும் உள்ளே போனார்கள். வெண்ணி பாயில் படுத்துக்கொண்டாள். அடுப்பை விடங்கன் மூட்டினார். முதல் அகப்பைக் கஞ்சியை அவள் வாயில் ஊற்றினார். இரண்டாவதைத் தாம் குடித்தார். வெளியே பொதியன், "படையல் ஆயிற்றா?" என்றார். "இன்னும் ஆகவில்லை" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

பொழுது சாய்ந்தது. சேந்தன் வண்டியை ஓட்டிப்போய் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு தன் வழியே போனான். பொதியன் மறுநாள் காலையில் வந்து கேட்டார். "ஆகவில்லை" என்றாள் வெண்ணி. அதற்கு மறுநாளும் கேட்டார். அப்போது அவள் குரலில் கொஞ்சம் தெம்பு இருந்தது. பிறகு வாரத்துக்கு ஒருமுறை கேட்டார். பிறகு அந்தப் பக்கம் போகும்போது மட்டும் கேட்டார். மழை பெய்தது. சாமி உள்ளே இருப்பதால் பெய்கிறது என்றார்கள். வெளியே கல்லுக்குப் பூ வைப்பதையும் நிறுத்தவில்லை.

அந்த இருவரும் இருந்தவரையில், படையலுக்கு வைத்த அந்தக் கஞ்சி மட்டும் வேகவே இல்லை.

இதைக் கேட்டவர்கள் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: வீரனைக் கும்பிடுவதற்கு முன்னால், அவன் சாப்பிட்டானா என்று கேட்க வேண்டும்.